அரைக்கிலோவின் எடை

சனிக்கிழமை காலை ஏழரை மணி. பதுளை ரயில் நிலையத்துக்கு மேலே, சரிவில் ஏறும் படிக்கட்டுப் பாதையில் நான்காவது வீடு. முன்வாசல் உத்தரத்திலிருந்து ஒரு வட்டத் தராசு தொங்குகிறது. அதன் கொக்கியில் பழைய கொழுந்துச் சாக்கு ஒன்று. சாக்கின் வாயிலிருந்து ஒரு பூனையின் தலை எட்டிப் பார்க்கிறது.

யேசுரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்தார். மூன்று கிலோ எண்ணூறு. உதடு மெல்ல அசைந்தது. பிறகு சுவர் நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் எழுதினார்: 3.3.

வேலிக்கு அந்தப் பக்கம் லீக்ஸ் பாத்தியில் குனிந்திருந்த ரெங்கம்மா நிமிர்ந்தார்.

“எவ்வளவு வெட்டுனீங்க, கணக்கையா?”

“வெட்டல. சாக்குக்கு அரைக்கிலோ கழிச்சேன்.”

“பூனைக்குமா சாக்குக் கழிவு? நல்லாருக்குங்க ஞாயம்!”

யேசுரத்தினத்துக்கு வயது அறுபத்தெட்டு. நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் முப்பத்தொரு வருடம் கொழுந்து நிறுத்தவர். கணக்கப்பிள்ளை என்பது பதவி. கணக்கையா என்பது பெண்கள் வைத்த பெயர். ரெங்கம்மா அதே பிரிவில் இருபத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தவர். மகள் கலாராணிக்குப் பதுளையில் ஆசிரியர் வேலை கிடைத்ததும் இரண்டு வருடத்துக்கு முன் இந்தச் சரிவுக்கு வந்தார். சாமான்களை இறக்கிவிட்டு அடுத்த வீட்டு வாசலை எட்டிப் பார்த்தபோது கண்ணில் முதலில் பட்டது அந்தத் தராசு. “இங்கயும் வந்துட்டியா நீ?” என்று அதைப் பார்த்துத்தான் கேட்டாராம். யேசுரத்தினமோ தன்னைக் கேட்டதாக நினைத்து, “ஏழு வருசமா இங்கதான் இருக்கேன்” என்று பதில் சொல்லியிருக்கிறார்.

தோட்டத்தில் அவர் ரெங்கம்மாவை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரியானதும் ‘நீங்க’ என்று மாறினார். முதல் இரண்டு மாதம் அந்தச் சொல் அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டு சிரமப்பட்டதை ரெங்கம்மா ரசித்துப் பார்த்திருக்கிறார்.

பூனையின் பெயர் அரைக்கிலோ. பிறந்தது கொழுந்து மடுவத்தில். தேயிலை மலையின் நடுவில், தகரக் கூரையும் நாலு தூணும் ஒரு நீள மேசையுமாக நிற்கும் நிறுவைக் கொட்டகைதான் மடுவம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. முதுகில் கூடையோடும் தலையில் மழைக்குப் போர்த்திய படங்குத் துண்டோடும் அறுபது பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஈரமும் பச்சைக் கொழுந்தும் வெற்றிலையும் கலந்த அந்த வாசனையை யேசுரத்தினம் இன்றும் மூக்கைச் சுருக்கித் தேடுகிறார். கூடையிலிருந்து சாக்குக்கு, சாக்கிலிருந்து தராசுக்கு. அவர் எடையைக் கத்திச் சொல்வார். கத்துவதற்கு முன் ஒவ்வொரு சாக்குக்கும் அரைக்கிலோ கழித்திருப்பார். அப்படித்தான் அவருக்கு முன் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் காலிச் சாக்குகளுக்கு நடுவில் ஒரு தாய்ப்பூனை மூன்று குட்டி போட்டது. இரண்டு செத்துப்போயின. மூன்றாவது, சாம்பல் வரி போட்டது, அவருடைய டிபன் கரியர் பக்கத்திலேயே வளர்ந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண்தான் அன்றைக்குச் சொன்னாள்: “நம்மகிட்ட வெட்டுற அரைக்கிலோ எல்லாம் எங்க போகுதுன்னு பாத்தேன். இந்தா, இது வயித்துக்குள்ளதான் போகுது!” மடுவமே சிரித்தது. யேசுரத்தினமும் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் ஓய்வு பெற்ற வருடம் தோட்டத்துக்கு மின்னணுத் தராசு வந்தது. பழைய வட்டத் தராசைத் தோட்டத்துத் துரை அவருக்கே கொடுத்துவிட்டார். தராசு ஒரு கையில், சாக்குக்குள் பூனை மறு கையில். பதுளை பஸ்ஸில் கண்டக்டர், “சாக்குல என்னங்க?” என்று கேட்க, “அரைக்கிலோ” என்றார். “எதுல அரைக்கிலோ?” என்று அவன் விடாமல் கேட்டதையும், அதற்குள் சாக்கே பதில் சொல்லிவிட்டதையும் அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

மனைவி செசிலி வருடத்தில் பாதி நாள் மொனராகலையில் மகள் ஜெசிந்தினி வீட்டில். பேரப்பிள்ளை சின்னது. யேசுரத்தினம் அந்த வெயிலுக்குப் போக மறுத்துவிட்டார். பூனையை யார் பார்ப்பது என்பது அவர் சொன்ன காரணம். அது பொய்யில்லை. மேற்பிரிவில் இப்போது மடுவம் கிடையாது. தகரத்தைக் கழற்றிவிட்டார்கள், சுற்றியிருந்த மலையில் மானாப்புல் ஆள் உயரம் நிற்கிறது. அந்தத் தகரத்தின் கீழ் இருந்த உயிர்களில் அவர் வீட்டுக்குள் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

அதுதான் இளைத்துக்கொண்டு வந்தது.

நாட்காட்டியைத் திருப்பினால் தெரியும். ஜனவரியில் 4.7. மார்ச்சில் 4.4. ஜூலையில் 3.9. இப்போது அக்டோபர், 3.3. முப்பத்தொரு வருடம் எடை பார்த்த மனிதருக்கு இது தெரியாமல் போகுமா? தெரிந்தது. ஆனால் அவர் சந்தேகப்பட்டது தராசை.

“வில்லு தளந்துருச்சு. பழைய சாமான்தானே” என்றார். பூனை நன்றாகச் சாப்பிட்டது என்பதே அவருக்குப் பெரிய சாட்சி. நெத்தலிக் கருவாடும் சோறும் காலையில் ஒரு தட்டு, மத்தியானம் ஒரு தட்டு. போதாமல் இப்போது நாலு மணிக்கும் கேட்டது. விடியற்காலையில் பால்மா கரைத்துத் தேத்தண்ணீர் ஊற்றும்போது அதற்கும் ஒரு கிண்ணம் பால். சாப்பிடுகிற பூனைக்கு என்ன நோய்?

வாந்தி எடுத்தது, உண்மைதான். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு வாரத்துக்கு ஒன்று. இப்போது ஒன்றுவிட்ட ஒருநாள். “பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும். நக்குற முடி உள்ள போய்க் கட்டிக்கிது” என்று துணியால் துடைத்துவிட்டுப் போவார். துடைத்ததில் முடி இருந்ததா என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ரெங்கம்மா வேலி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அரைக்கிலோ சாக்கிலிருந்து இறங்கி இரண்டு அடி வைத்துவிட்டுக் குந்தியது. முன்கால்களை மடித்து, முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. நாக்கு உதட்டைத் திரும்பத் திரும்ப நக்கியது.

“கணக்கையா, இது சும்மா உக்காந்திருக்கல. வயித்த வலிக்குது இதுக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதா? உங்க பூனை தினமும் பேளுறது ஏம் பாத்தியிலதானே! முன்னெல்லாம் கட்டியா இருக்கும், அழகா மண்ணத் தள்ளி மூடிட்டுப் போகும். நானும் கம்ப எடுத்துக்கிட்டு விரட்டுவேன். இப்ப மூணு மாசமா தண்ணியாப் போகுது. மூடுறதுக்கும் நிக்கிறதில்ல. நாத்தம் தாங்க முடியல.”

“மூணு மாசமாவா? ஏன் சொல்லல?”

“நான்தான் தினமும் கத்துறேனே! நீங்க எப்பயாச்சும் நான் கத்துறத காதுல வாங்கியிருக்கீங்களா?”

அவர் தராசைக் காட்டினார். “இது தப்பாக் காட்டுது, ரெங்கம்மா. அவ்வளவு இளைக்கல.”

ரெங்கம்மா வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு சீனிப் பக்கெட். ஒவ்வொன்றும் ஒரு கிலோ, உடைக்காதது.

யேசுரத்தினத்துக்கு அது எந்த நாளிலிருந்து வருகிறது என்று உடனே தெரிந்தது. தொண்ணூற்றெட்டில் ஒரு நாள். கடைசி நிறுவையில் ரெங்கம்மாவுக்குக் கால் கிலோ குறைந்தது. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கணக்குக்குக் கால் கிலோ குறைந்தாலும் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். அதாவது பாதி நாள் சம்பளம். அன்று ரெங்கம்மா லயத்து வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு கிலோ சீனியோடு மடுவத்துக்குத் திரும்பி வந்து, “இதத் தொங்க விடுங்க, ஒங்க தராசு நெசமா பொய்யான்னு பாப்போம்” என்றார். யேசுரத்தினம் அவரைப் பார்க்காமல் கத்தினார்: “அடுத்த ஆள்!”

இருபத்தேழு வருடம் கழித்து, அதே தராசு, அதே இரண்டு கிலோ.

“தொங்க விடவா?” என்றார் ரெங்கம்மா.

“விடுங்க.”

முள் ஆடியது. நடுங்கியது. இரண்டில் வந்து நின்றது. ஒரு கோடு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாழ்நாள் முழுக்க இந்தத் தராசு பொய் என்று சொன்னவர், அது சரி என்று நிரூபித்திருந்தார். சரி என்று சத்தியம் செய்தவர், அது பொய்யாக இருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

“தராசு சரிதான், கணக்கையா,” என்றார் ரெங்கம்மா. குரலில் கேலி இல்லை. “பூனையைத் தூக்குங்க. டொக்டர்கிட்டப் போவோம்.”

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் டாக்டர் நஸ்லியாவின் மிருக வைத்திய நிலையம். நாற்காலிகளில் ஒரு கிளிக்கூண்டு, இரண்டு நாய்கள். ஓட்டோவில் வரும்போதே அரைக்கிலோ சாக்குக்குள் ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தது.

“நல்லதாப் போச்சு, துடைக்காதீங்க அங்கிள்,” என்றார் டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். கையுறையோடு அதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். “முடி எங்க? ஒன்றுமே இல்லையே. நுரையும் செமிக்காத சோறும்தான். எத்தனை நாளா சத்தி எடுக்குது?”

“முடின்னு நெனச்சேங்க.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எப்பவாவது ஒரு தடவை முடி உருண்டை வந்தா சரி. மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல போனா அதை முடின்னு விடக்கூடாது. சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில சத்தி வருது?”

யேசுரத்தினம் திரும்பி ரெங்கம்மாவைப் பார்த்தார். ரெங்கம்மா முன்னால் வந்தார். “ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, டொக்டர். சாப்புட்ட ஒடனே இல்ல.”

“மலம்?”

“தண்ணி. மூணு மாசம். ரெத்தம் இல்ல, சளி மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. பாத்திக்குப் போய்ச் சேர முடியாம வழியிலயே ரெண்டு தரம் போயிருக்கு.”

“அம்மா, நீங்கதான் பூனையோட சொந்தக்காரரா?”

“நானா? நான் எதிரி!”

டாக்டர் சிரித்துக்கொண்டே பூனையின் முதுகைத் தடவினார். உரோமம் எண்ணெய் இல்லாமல் குத்திக்கொண்டு நின்றது. முதுகெலும்பு விரலுக்கு விரல் எண்ணக் கிடைத்தது. வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திப் பார்த்தபோது அவருடைய முகம் மாறியது.

“குடல் கொஞ்சம் தடிப்பா இருக்கு. வீக்கமா இருக்கலாம். மோசமானதாவும் இருக்கலாம். இப்பவே சொல்ல ஏலாது. போன வருஷம் எடை எவ்வளவு?”

இந்தக் கேள்விக்கு யேசுரத்தினத்திடம் பதில் இருந்தது. சட்டைப்பையிலிருந்து நாட்காட்டித் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். பத்து மாதம், ஒரு சனிக்கிழமை விடாமல். டாக்டர் வியந்துபோனார். “யாரும் இப்படிக் கொண்டு வந்ததில்லை, அங்கிள்!” பிறகு பூனையைத் தன் தராசில் வைத்தார். மூன்று கிலோ அறுநூறு.

“நீங்க இன்றைக்கு மூன்று முன்னூறுன்னு எழுதியிருக்கீங்களே?”

“சாக்குக்கு அரைக்கிலோ கழிச்சேங்க.”

“இந்தச் சாக்கா? இது அவ்வளவு வராதே.”

டாக்டர் சாக்கை உதறி, நான்காக மடித்து, தராசில் போட்டார். சாதாரணமாகத்தான் போட்டார். சிவப்பு எழுத்தில் எண் வந்தது: இருநூறு கிராம்.

யேசுரத்தினம் முப்பத்தொரு வருடத்தில் லட்சக்கணக்கான தடவை கொழுந்து நிறுத்திருக்கிறார். ஒரு தடவைகூடக் காலிச் சாக்கை நிறுத்ததில்லை.

ரெங்கம்மா அந்த எண்ணைப் பார்த்தார். விரலில் ஏதோ எண்ணினார். பிறகு, “ஐநூறுல இருநூறு போனா முன்னூறு. அன்னிக்கு எனக்குக் கொறைஞ்சது கால் கிலோ” என்றார். அவ்வளவுதான்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனார். இரத்தம் எடுத்து அனுப்பலாம். வயதான பூனை நிறையத் தின்றும் இளைத்தால் தைரொயிட்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். பூச்சி மருந்து இன்றைக்கே. வாரம் ஒரு பி12 ஊசி. முக்கியமானது சாப்பாடு. சோறு, கருவாடு, பால் மூன்றும் நிறுத்த வேண்டும். நான்கு வாரத்துக்கு உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழி மட்டும், தான் தரும் சத்துப்பொடியோடு. “வேற ஒன்றும் வாயில படக்கூடாது. ஒரு துண்டு நெத்தலி போனாலும் நாலு வாரமும் வீண். எடை கூடினா இது வீக்கம்தான், சமாளிக்கலாம். குறைஞ்சா பேராதெனிய பெரிய மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போகணும். அதனால ஒவ்வொரு வாரமும் சரியான எடை வேணும், அங்கிள். கழிக்காத எடை.”

“கழிக்காத எடை,” என்று யேசுரத்தினம் திருப்பிச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் பூனைதான் நடுவில். ரெங்கம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் யேசுரத்தினம் வாய் திறந்தார்.

“நான் நிறுத்துப் பாத்திருக்கணும், ரெங்கம்மா. மழையில நனைஞ்ச சாக்கு கூட வரும்னு சொல்லுவாங்க. ஆனா வெயில் நாளும் இருந்துச்சே.”

“இருந்துச்சு.”

“அன்னிக்கு உங்களப் பாக்காம அடுத்த ஆளக் கூப்புட்டேன்.”

“அடுத்த ஆள் எங்க நாத்தனாதான். அவளுக்கும் அரைப்பேர்தான் விழுந்துச்சு.” கொஞ்ச தூரம் போனதும் ரெங்கம்மாவே சிரித்தார். “அன்னிக்கு ராத்திரி ஒங்களுக்கு விட்ட சாபம் இருக்கே, கணக்கையா. அது பலிச்சிருந்தா இந்தப் பூனைக்கில்ல, ஒங்களுக்குத்தான் வயித்தால போயிருக்கணும்.”

அவரும் சிரித்தார். கண் கலங்கியிருந்தது, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டார்.

“மடுவத்துல மழைக்கு நிக்கிறப்போ கங்காணி மாதிரியே பேசிக் காட்டுவீங்களே” என்றார். “தராசப் பிடிச்சுக்கிட்டு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.”

“தெரியும். நீங்க கேக்கணும்னுதான் சத்தமாப் பேசுறது. இப்ப அந்த எடத்துல நின்னு பேசுறதுக்கு ஆளும் இல்ல, தகரமும் இல்ல.”

நான்கு வாரம் லேசில் போகவில்லை. முதல் மூன்று நாள் அரைக்கிலோ கோழியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நெத்தலி இருந்த போத்தலின் முன்னால் உட்கார்ந்து யேசுரத்தினத்தின் முகத்தைப் பார்த்துக் கத்தியது. அவர் போத்தலை ரெங்கம்மா வீட்டுக்கே கொடுத்துவிட்டார். செசிலி மொனராகலையிலிருந்து தொலைபேசியில் கேட்டார்: “பூனைக்குக் கோழி, ஒங்களுக்கு என்ன?” “நெத்தலியும் இல்ல” என்றார் அவர். இரத்தப் பரிசோதனையில் கெட்டது ஒன்றும் இல்லை என்று செய்தி வந்தது. ஆனால் குடலைப் பற்றி இரத்தம் எல்லாவற்றையும் சொல்லாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எல்லாம் தராசில்தான் இருந்தது.

சனிக்கிழமைகளில் முறை மாறியது. யேசுரத்தினம் முதலில் காலிச் சாக்கைத் தொங்க விடுவார். ரெங்கம்மா வேலியைத் தாண்டி வந்து முள்ளைப் படிப்பார். பிறகு பூனை. படிப்பது ரெங்கம்மா, எழுதுவது அவர். முதல் வாரம் 3.6. இரண்டாம் வாரம் 3.5. மறுநாள் யேசுரத்தினம் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரம் 3.6. வாந்தி ஆறு நாளாக இல்லை. ஆனால் ஒரு கோட்டை நம்பி எப்படிச் சந்தோஷப்படுவது?

நான்காவது சனிக்கிழமை மழை. வாசல் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. ரெங்கம்மா தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். காலிச் சாக்கு இருநூறு. பூனையோடு சேர்த்து முள் ஆடி நின்றபோது அவர் உடனே படிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பார்த்தார்.

“படிங்க, ரெங்கம்மா.”

“நாலு கிலோ நூறு!” மழைச் சத்தத்துக்கு மேலே மடுவத்துக் குரலில் கத்தினார். “சாக்கு போக மூணு தொள்ளாயிரம்! எழுதுங்க! ஒன்னும் வெட்டாம எழுதுங்க!”

யேசுரத்தினம் 3.9 என்று எழுதினார். டாக்டருக்கு அழைத்துச் சொன்னதும், “அப்போ இது வீக்கம்தான் அங்கிள், இந்தச் சாப்பாட்டோட போகலாம், அடுத்த கிழமை கொண்டு வாங்க” என்று பதில் வந்தது. சாக்கிலிருந்து இறங்கிய அரைக்கிலோ ஒரு நிமிடமும் குந்தவில்லை. முதுகை நீட்டிச் சோம்பல் முறித்தது. மழை சற்று ஓய்ந்ததும் வேலிக்குக் கீழே நுழைந்து நேராக லீக்ஸ் பாத்திக்குப் போனது.

ரெங்கம்மாவின் கை பழக்கத்தில் வேலியோரக் கம்பைத் தேடியது. கம்போடு பின்னாலேயே போனார். யேசுரத்தினம் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். ஈர மண்ணில் குனிந்த ரெங்கம்மாவின் முதுகு மட்டுமே தெரிந்தது.

“கணக்கையா!” சரிவு முழுக்கக் கேட்கும் சத்தம். கீழ் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. “கட்டியா இருக்கு! மூடியும் வச்சிருக்கு!”

அவர் நாட்காட்டிக்குத் திரும்பினார். 3.9க்குக் கீழே, கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில், அதையும் எழுதினார்.